கட்டாதுக்கா

பெரியபாளையத்தில் முதலில் சொன்ன விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டுப் போகிறவரைக் கடைக்காரர்களுக்கே பிடிப்பதில்லை. ஆடி ஞாயிறு ஒன்றில், கோயில் தெருவில் எனக்கு முன்னால் நின்ற ஒருவர் பொம்மைத் துப்பாக்கிக்குச் சொன்ன நூற்றைம்பது ரூபாயை அப்படியே எடுத்து நீட்டினார். பணத்தை வாங்கிப் பையில் போட்ட இளைஞனின் முகத்தில் சந்தோஷம் இல்லை. அவர் நாலு கடை தாண்டியதும் பக்கத்துக் கடைக்காரரிடம், "ச்சே, எரநூறு சொல்லியிருக்கணும்ணே" என்றான். பேரம் நடந்து நூறுக்கு முடிந்திருந்தால்கூட அவன் இத்தனை வருத்தப்பட்டிருக்க மாட்டான். எதிரில் நிற்பவர் எதுவரை வருவார் என்று தெரியாமலே முடிந்துபோன வியாபாரம் அது.

என்னோடு வந்தது தண்டையார்பேட்டைச் சித்தி. இல்லை, சித்தியோடு நான் போனேன் என்பதுதான் சரி. வடசென்னைக்காரர்களுக்குப் பெரியபாளையம் வெளியூர்க் கணக்கில் வராது. ஆடி பிறந்தால் ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி வீடுகளில் யார் எந்த வாரம் போவது என்ற பேச்சு தொடங்கிவிடும். திருவிழா பதினான்கு வாரம் நடக்கிறது என்பதால் அவசரம் இல்லை. முன்பு மாட்டுவண்டி கட்டி, அரிசி பருப்பு விறகோடு போய் ராத்தங்கிப் பொங்கல் வைத்துத் திரும்புவார்கள். இன்று குட்டியானை வண்டியிலும் பேருந்திலும் போகிறார்கள். சாமான் மட்டும் குறையவில்லை.

மாதவரம், புழல், செங்குன்றம். செங்குன்றம் அரிசி ஆலைகளின் ஊர். அங்கே பேரம் கிலோவுக்குப் பத்துக் காசு, இருபது காசு என்று சத்தமில்லாமல் நடக்கும்; லாரிக் கணக்கில் அது பெருந்தொகை. காரனோடையில் கொசஸ்தலையாற்றுப் பாலத்தைக் கடந்து, ஜனப்பன்சத்திரம் கூட்டுரோட்டில் கொல்கத்தா நெடுஞ்சாலையை விட்டு இடப்பக்கம் திரும்ப வேண்டும். நேரே போனால் கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, சிப்காட் தொழிற்பேட்டை. இடப்பக்கம் போனால் பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, அதைத் தாண்டினால் ஆந்திரா. இந்தத் திருப்பத்தில் இறங்கி நின்ற பாதிப் பேர் நேரே இருக்கும் ஆலைகளில் வேலை பார்க்கிறவர்கள், விடுமுறை நாளில் இடப்பக்கம் போகக் காத்திருப்பவர்கள். அவர்களிடம் பிறகு வருகிறேன்.

பெரியபாளையத்துப் பவானி அம்மன் கோயிலின் தலபுராணமே ஒரு வியாபாரியிடம்தான் தொடங்குகிறது. ஆந்திரப் பக்கத்து வளையல் வியாபாரி ஒருவர் மூட்டையோடு இந்த வழியாகப் போகும்போது களைத்து வேப்பமரத்தடியில் படுத்தார். கண் விழித்தால் மூட்டையைக் காணவில்லை. தேடினால், வளையல்கள் பக்கத்துப் புற்றுக்குள் விழுந்து கிடக்கின்றன. எடுக்கப் பார்த்தும் முடியவில்லை. வெறுங்கையோடு ஊர் போனவரின் கனவில் அம்மன் வந்து, புற்றுக்குள் இருப்பது நான்தான் என்றாள். கண்ணனுக்கு மாற்றாகக் கம்சன் கையில் அகப்பட்டு, அவன் பிடியிலிருந்து வானத்துக்குத் தாவிய பெண்குழந்தைதான் இந்தப் பவானி என்பது கதையின் முன்பாதி. வளையலுக்கு விலை கேட்காமல், டஜன் எத்தனை என்று பேசாமல், மூட்டையோடு எடுத்துக்கொண்ட ஒரே வாடிக்கையாளர் அவள்தான். அவளைப் பார்க்க வருகிறவர்கள் யாரும் அப்படி வாங்குவதாகத் தெரியவில்லை.

சித்தி முதலில் வளையல் கடைக்குத்தான் போனாள். அம்மனுக்கு ஒரு டஜன், வீட்டுப் பெண்களுக்கு மற்றவை. கோயில் சுற்றுச் சுவரை ஒட்டிய வரிசையில், தார்ப்பாய் விரித்து ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டே நாலுல பச்சை காட்டுமா."

"இந்தாக்கா. டஜன் எண்பது."

"எண்பதா? இன்னாம்மா, தங்க முலாம் போட்டிருக்கா?"

"நீ சொல்லிக் கேளுக்கா."

"சொல்லிக் கேளு" என்பது வெறும் உபசார வார்த்தை இல்லை. பந்து இப்போது உன் பக்கம் வந்துவிட்டது, நீ ஒரு தொகை சொன்னால் அதிலிருந்து பின்வாங்கக் கூடாது என்பது அதன் உள்ளர்த்தம். கேட்ட விலைக்கே கடைக்காரர் சரி என்று சொல்லிவிட்டால், வாங்காமல் போவது பெருங்குற்றம். அதனால் தேர்ந்தவர்கள் சட்டென்று தொகை சொல்ல மாட்டார்கள். சித்தி சொல்லவில்லை. வளையலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஒன்றோடொன்று தட்டிச் சத்தம் கேட்டாள். சிவப்பை எடுத்தாள், வைத்தாள். எனக்குக் கால் வலித்தது.

இந்த அளவுக் கணக்கைச் சொல்ல வேண்டும். வளையல் அளவில் வரும் புள்ளி தசமப் புள்ளி அல்ல. ரெண்டே நாலு என்றால் இரண்டு அங்குலமும் பதினாறில் நாலு பங்கும், அதாவது இரண்டே கால் அங்குல விட்டம். ரெண்டே எட்டு என்றால் இரண்டரை. அதற்கு அடுத்தது ரெண்டே பத்து. அட்டைப் பெட்டியில் 2.10 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, 2.8-ஐ விடச் சிறியது என்று படித்த பிள்ளைகள் ஏமாறுவார்கள். அரைக்கால், மாகாணிக் கணக்கில் பழகிய கிழவிகள் ஏமாற மாட்டார்கள். மணிக்கட்டைப் பார்த்தே அளவு சொல்லும் விற்பனைக்காரருக்கு இந்தக் கணக்கும் வேண்டாம். கையைப் பிடித்து ஒருமுறை அமுக்கினால் போதும்.

"பாரிஸ்ல இதே டஜன் முப்பதுக்குக் குடுக்கறான்" என்றாள் சித்தி.

"அப்ப பாரிஸ்லயே வாங்கியிருக்கலாமேக்கா. அம்மன் கோயில் வளையல் அங்க கிடைக்குமா?"

இதற்கு சித்தியிடம் பதில் இல்லை, ஏனென்றால் இரண்டு பேர் சொன்னதும் உண்மை. இந்த வளையல் ஆக்ராவுக்குப் பக்கத்திலுள்ள பிரோசாபாத் உலைகளில் பிறக்கிறது. தாஜ்மகால் வெள்ளைச் சலவைக்கல்லைப் புகை கெடுக்கிறது என்று 1996 கடைசியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றுவட்டாரத்து ஆலைகளை நிலக்கரியை விடச் சொன்னது. அதன் பிறகு பிரோசாபாத் உலைகள் எரிவாயுவை நம்பி இருக்கின்றன. எரிவாயு விலை ஏறினால் பச்சை வளையல் விலையும் ஏறும். அங்கிருந்து ரயிலேறிச் சித்தி சொன்ன பாரிஸுக்கு, அதாவது சென்னைப் பாரிமுனையின் மொத்தக் கடைகளுக்கு வருகிறது. அங்கே வாங்கி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு, உடைந்தது போக மிச்சத்தை இந்தத் தார்ப்பாயில் பரப்புகிறார் அந்த அம்மாள். பாரிமுனைக்குக் கூப்பிடு தூரத்தில் வாழும் சித்தி, நாற்பது கிலோமீட்டருக்கு மேல் பயணப்பட்டு அதே வளையலை வாங்க வந்திருக்கிறாள். கூடுதல் விலை கொடுக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். எவ்வளவு கூடுதல் என்பதில்தான் தகராறு.

"நாப்பதுன்னா ரெண்டு டஜன் போடு."

"கட்டாதுக்கா. அறுபத்தஞ்சு குடு. போணி நேரம்."

போணி என்று சொல்லிவிட்டால் பேரத்தின் தன்மையே மாறிவிடுகிறது. அன்றைய முதல் விற்பனை கைகூடாமல் போனால் நாள் முழுக்க அப்படியே போகும் என்ற நம்பிக்கை விற்பவருக்கு. முதல் ஆளாக வந்துவிட்டு வாங்காமல் போவது பாவம் என்ற கூச்சம் வாங்குபவருக்கு. இருவருமே கொஞ்சம் இறங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் மணி பதினொன்று. போணி எப்போதோ ஆகியிருக்கும். சித்தியும் அதைக் கேட்கவில்லை. எழுந்து நடக்கத் தொடங்கினாள்.

இந்த நடை ஒரு தனிக் கலை. மிக வேகமாகப் போனால் வாங்கும் எண்ணம் இல்லை என்று விட்டுவிடுவார்கள். மிக மெதுவாகப் போனால் கூப்பிடாமலேயே திரும்பி வருவாள் என்று தெரிந்துவிடும். இரண்டாம் அடியிலேயே கூப்பிட்டால் விலையில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது என்று பொருள். எட்டு, ஒன்பது அடி போயும் குரல் வரவில்லை என்றால் கடைசியாகச் சொன்னதுதான் உண்மையான அடிவிலை. சங்கடத்தோடு திரும்பி வந்து அதையே கொடுக்க வேண்டியதுதான். சித்தி ஐந்தாம் அடியில் பக்கத்துக் கடையின் குங்குமச் சிமிழை எடுத்துப் பார்த்தாள். "வாக்கா, அம்பதுன்னு எடுத்துக்கோ" என்று குரல் வந்தது. சித்தியின் முகத்தில் வெற்றிக்களை எதுவும் இல்லை. அது இருந்தால் அடுத்த முறை நடக்காது. இரண்டு டஜனை வாங்கிக்கொண்டு, "ஒரு டஜன் ரப்பர் வளையல் புள்ளைக்குப் போடும்மா" என்றாள். கொசுறு. அந்த அம்மாள் முணுமுணுத்துக்கொண்டே நாலு மட்டும் எடுத்துக் கொடுத்தார். வேறு எதற்குமே ஒரு வார்த்தை பேசாதவர்கள்கூடக் கொசுறை விடுவதில்லை.

மொராக்கோவின் செஃப்ரூ நகரத்துச் சந்தையில் பல காலம் இருந்து பார்த்த அமெரிக்க மானுடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ், சந்தையில் உண்மையான தட்டுப்பாடு பொருளுக்கு இல்லை, தகவலுக்குத்தான் என்று 1978-ல் எழுதினார். என்ன தரம், எங்கே என்ன விலை, யார் எவ்வளவு அவசரத்தில் இருக்கிறார் என்பது யாருக்கும் முழுதாகத் தெரியாது. பேரம் அதைத் தோண்டி எடுக்கும் வேலை. அலைச்சலைக் குறைக்க ஜனங்கள் ஒரே கடைக்காரரிடம் திரும்பத் திரும்பப் போகிறார்கள் என்பதையும் அவர் கவனித்தார். நம் ஊரில் வாடிக்கை என்பது அதுதான். பெரியபாளையம் வாடிக்கைக்கு வாய்ப்பே இல்லாத இடம் என்று நினைத்தேன். வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவர்கள், வாராவாரம் இடம் மாறும் கடைகள். ஆனால் பொங்கல் வைக்க இடமும் பாத்திரமும் தரும் வீட்டுத் திண்ணைகளில் வேறு கதை. "எங்க மாமியார் காலத்துலேர்ந்து இந்த வீடுதான்" என்று சொல்லும் குடும்பங்கள் இருக்கின்றன. அங்கே வாடகைப் பேச்சே இல்லை. கொடுப்பதைக் கொடுக்கிறார்கள், வாங்குவதை வாங்குகிறார்கள். வாடிக்கை இல்லாத தெருக் கடைகளில்தான் அக்கா, அண்ணே, தாயி என்று ஐந்து நிமிஷத்துக்கு ஓர் உறவைக் கட்டி எழுப்ப வேண்டியிருக்கிறது.

ஆரணியாற்றில் ஆடியில் பெரும்பாலும் மணல்தான். மேலே ஆந்திராவில் பிச்சாட்டூர் அணையைத் திறந்தால், வடகிழக்குப் பருவமழை நாட்களில் தண்ணீர் வரும்; பழவேற்காட்டுப் பக்கம் கடலில் சேரும். காய்ந்த கரையெல்லாம் அடுப்புப் புகை. ஒரு பக்கம் வேப்பஞ்சேலை கட்டிய பெண்கள் ஈரத்தோடு கோயிலைச் சுற்றப் போகிறார்கள். இன்னொரு பக்கம் ஆடு, கோழி. உயிர்ப்பலியைத் தடுக்கும் சட்டம் ஒன்று 1950-லேயே வந்து தூங்கிக் கிடந்தது. 2003-ல் அதைக் கறாராக நடைமுறைப்படுத்த அரசு உத்தரவிட்டு, பெரும் எதிர்ப்புக்குப் பின் 2004-ல் சட்டத்தையே நீக்கியது. அந்த ஓராண்டைப் பற்றி இங்கே கேட்டால் சிரிக்கிறார்கள்.

ஆட்டுப் பேரம் வளையல் பேரத்தைப் போல் இல்லை. வாய் குறைவு, கை அதிகம். முதுகுத்தண்டில் கட்டைவிரலை ஓட்டி சதையைப் பார்ப்பார்கள். முன்னங்காலுக்குப் பின்னால் கைகொடுத்துத் தூக்கி இறக்குவார்கள். வாயைப் பிளந்து பல்லைப் பார்த்து வயசு சொல்வார்கள். வாங்குகிறவர் மனசுக்குள் கறிக் கணக்கு போடுகிறார்: உயிர் எடையில் ஏறக்குறைய பாதிதான் கறி. விற்பவர் "பன்னெண்டு கிலோ கறி நிக்கும்ணே" என்பார். வாங்குபவர் "ஒம்போதுக்கு மேல நிக்காது" என்பார். இந்த மூன்று கிலோ வித்தியாசம்தான் முழுப் பேரமும். தராசு வைத்துவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அதனால்தான் கிராமத்துச் சந்தைகளில் தராசு வர இத்தனை காலம் ஆகிறது. மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருக்கிறேன். எத்தனை விரல், எந்த மூட்டு என்பதில் ஆயிரமும் நூறும் அடங்கிவிடும். சுற்றி நிற்கும் ஐம்பது பேருக்கும் ஒன்றும் தெரியாது. இந்த மாட்டுக்கு என்ன விலை படிந்தது என்று அடுத்தவருக்குத் தெரிந்தால் அடுத்த மாட்டின் விலை அங்கேயே கட்டுப்பட்டுவிடும். துண்டு அதற்குத்தான்.

பெரியபாளையத்துத் தெருக்கடையில் துண்டு கிடையாது. குரலைத் தாழ்த்தி, "உனக்காகத்தான்க்கா, வெளிய சொல்லாத" என்பதுதான் அவர்களின் துண்டு. அதற்கும் இப்போது ஓர் எதிரி வந்திருக்கிறான். 2016-ல் யுபிஐ வந்து, சில வருஷங்களில் தார்ப்பாய்க் கடைகளிலும் கியூஆர் அட்டை தொங்கத் தொடங்கியது. அதோடு பணம் வந்ததை அறிவிக்கும் சின்ன ஒலிபெருக்கிப் பெட்டி. பாத்திரக் கடை ஒன்றில் முந்நூற்றைம்பது சொன்ன வெங்கலக் குத்துவிளக்கை ஒரு பெண் ரகசியமாக இருநூற்றெண்பதுக்குப் பேசி முடித்து, போனை எடுத்துச் செலுத்தினார். மறுகணம் பெட்டி தெருவெல்லாம் கேட்க இருநூற்றெண்பது ரூபாய் வந்து சேர்ந்ததை அறிவித்தது. அதே விளக்கை முந்நூற்றைம்பதுக்குக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்த இன்னொரு பெண் மெல்லத் திரும்பினார். கடைக்காரர் பாய்ந்துபோய்ச் சத்தத்தைக் குறைத்தார். தாமதமாகிவிட்டது.

பூக்கடையில் பேரம் இன்னொரு வடிவம் எடுக்கிறது. பூவை முழத்தில் விற்கிறார்கள். மெட்ரிக் அளவுகள் கட்டாயமாகி எத்தனையோ பத்தாண்டுகள் ஆகிவிட்டன, எடைக்கல்லில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க ஒரு துறையே இருக்கிறது. பூக்காரம்மாவின் முழங்கையில் முத்திரை குத்த யாராலும் முடியவில்லை. விலையைக் கேட்டால் கறாராகத்தான் சொல்வார்கள், ஒரு ரூபாய் குறையாது. ஆனால் "தாராளமா அளம்மா" என்றால் விரல் நுனி தாண்டி நாலு விரற்கடை நீளும். அந்தி சாய்ந்தால் அந்த நாலு விரற்கடை அரை முழமாகும். வாடும் பொருளில் நேரம்தான் வாங்குபவரின் பங்காளி. விலை அசையாத இடத்தில் அளவு அசைகிறது என்பதைப் பூக்காரம்மாக்கள் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. தங்கத்திலும் அதேதான். கிராம் விலை காலையிலேயே எல்லாக் கடைக்கும் ஒன்றாக வந்துவிடுகிறது, 2021 முதல் ஹால்மார்க்கும் கட்டாயம். எனவே யாரும் கிராம் விலையில் வாய் வைப்பதில்லை. சேதாரத்தில் ஒரு சதவீதம் குறைக்கச் சொல்லி மணிக்கணக்கில் உட்கார்கிறார்கள்.

பெண்கள் தாலித் தங்கத்தையே உண்டியலில் போட்டுவிட்டுப் போகும் கோயில் இது. புருஷன் பிழைத்து எழுந்தால் மாங்கல்யத்தைத் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டவர்கள், பிழைத்ததும் வந்து கழற்றிப் போடுகிறார்கள். இதையும் பேரம் என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. இங்கே விலையை வேண்டுகிறவரே சொல்கிறார், எதிர்ப்பக்கம் குறைத்தும் கேட்பதில்லை, கூட்டியும் கேட்பதில்லை. வளையலுக்கு நாற்பது என்று தொடங்கிய சித்தி, அம்மனிடம் ஒரு கோழி என்று சொன்னதை ஒருபோதும் அரைக் கோழி ஆக்கியதில்லை. ஆனால் அந்தக் கோழியைக் கடைக்காரரிடம் முப்பது ரூபாய் குறைத்து வாங்கினாள். சாமிக்கு வாங்கும் பொருளுக்குப் பேரம் பேசலாமா என்று கேட்டேன். "கோழி சாமிக்கு. முப்பது ரூபா அவனுக்கு இல்ல போவுது" என்றாள்.

பேரத்துக்கே இடம் தராத விலைச்சீட்டு என்பது உலகத்துக்குப் புதிய சங்கதிதான். 1673-ல் எடோ நகரத்தில், இன்றைய டோக்கியோவில், மிட்சுயி தகாதோஷி என்ற துணி வியாபாரி எச்சிகோயா என்ற கடையைத் திறந்தார். அதுவரை துணிக்காரர்கள் பெரிய மனிதர்கள் வீட்டுக்கே போய்க் கடனுக்குக் கொடுப்பார்கள். பணம் வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும், வராமலும் போகும். அந்த நஷ்டத்தையெல்லாம் சேர்த்துத்தான் விலை சொல்வார்கள். மிட்சுயி வீட்டுக்குப் போகவில்லை. கடைக்கு வா, ரொக்கம் கொடு, எல்லாருக்கும் ஒரே விலை என்றார். இரண்டு நூற்றாண்டு கழித்து அமெரிக்காவில் வனமேக்கரைப் போன்ற பெருங்கடைக்காரர்களும் அதே வழிக்கு வந்தார்கள். இதை நேர்மை என்று புகழ்வார்கள். கொஞ்சம் நேர்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம், நூறு சிப்பந்திகளை வைத்து நடத்தும் கடையில் ஒவ்வொருவரும் தன் இஷ்டத்துக்குப் பேரம் பேசினால் முதலாளிக்குக் கணக்கு நிற்காது என்பது. விலைச்சீட்டு வாங்குபவரின் வாயை மட்டும் அடைக்கவில்லை, விற்பவரின் வாயையும் சேர்த்து அடைத்தது.

தியாகராய நகரின் ஏழு மாடித் துணிக்கடையில் நிற்கும் பெண்ணிடம் ஒரு ரூபாய் குறைத்துக் கேட்டுப் பாருங்கள். பரிதாபமாகச் சிரிப்பாள். குறைக்க அவளுக்கு மனசில்லாமல் இல்லை, விலை அவளுடையது இல்லை. அப்படிப்பட்ட கடைகளில் உட்கார்வதற்கு ஒரு நாற்காலி தரவேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தம் வேண்டியிருந்தது. பெரியபாளையத்துத் தார்ப்பாயில் உட்கார்ந்திருக்கும் அம்மாள் அவளைவிட ஏழையாகவே இருக்கலாம். ஆனால் எண்பதை ஐம்பதாக்கும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது. பொட்டலங்களில் 1990-க்குப் பிறகு வந்த எம்.ஆர்.பி.யும் "அதிகபட்சம்" என்றுதான் சொல்கிறது. அதற்குக் கீழே கேட்கக் கூடாது என்று எங்கும் இல்லை. ஆனாலும் அச்சிட்ட எண்ணைப் பார்த்ததும் நமக்கு வாய் எழுவதில்லை.

நாலு மணிக்கு மேல், சித்தி மறுபடி வளையல் கடைக்கு வந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வாங்க மறந்துவிட்டதாம். அங்கே இரண்டு பையன்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒடிசாக்காரர்கள், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் வேலை. இந்தத் தெருவில் கடை போடுகிறவர்களுக்கு மூன்று மொழியில் எண் தெரியும். ஊத்துக்கோட்டைப் பக்கத்துக்காரர்களுக்கு யாபை, இவர்களுக்குப் பச்சாஸ், நமக்கு அம்பது. பையன்களில் மூத்தவன் ஊரிலிருக்கும் மனைவிக்கு வாங்குகிறான், அளவு தெரியவில்லை. போனில் படத்தைக் காட்டினான். அம்மாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "ரெண்டே ஆறு" என்றார். கண்ணாடி வேண்டாம், ரயிலில் உடைந்துவிடும், மெட்டல் எடு என்று கையால் பாவனை காட்டிச் சொன்னார். மெட்டலில் லாபம் குறைவா கூடவா என்று எனக்குத் தெரியாது. பேரம் தொடங்கியது. "பச்சாஸ்." "சௌ." "சாட்." "கட்டாது பையா." பையன் நன்றாகப் பேசினான், சித்தி நடந்த நடையைவிட அழகாக நடந்தும் காட்டினான். எழுபதுக்கு முடிந்தது. அவன் முகத்தில் வெற்றிக்களை பளிச்சென்று இருந்தது. இன்னும் பழக வேண்டும்.

ஒரு நாளைக்கு என்ன சம்பளம் என்று சித்தி கேட்டாள். அவளுக்குக் கேட்கக் கூடாத கேள்வி என்று எதுவும் இல்லை. சொன்னான். கான்ட்ராக்டர் கையில் வாங்குவது. "கூடக் கேக்க மாட்டியா?" என்றாள். அவனுக்குத் தமிழ் ஓரளவு புரிகிறது. தலையை ஆட்டி, "அங்க ஃபிக்ஸ் ரேட்" என்று சொல்லிச் சிரித்தான். குறைந்தபட்ச ஊதியம் சட்டமாக 1948-லேயே வந்துவிட்டது. அது கீழ்வரம்பு, அதற்கு மேல் கேட்கலாம், பேசலாம். ஆனால் பின்னால் பத்துப் பேர் வேலைக்கு நிற்கும் இடத்தில், நடந்து காட்டினால் யாரும் ஐந்தாம் அடியில் கூப்பிட மாட்டார்கள். வாரத்தில் ஆறு நாள் வேறு யாரோ சொன்ன விலைக்குப் போகிறவன், ஏழாம் நாள் இந்தத் தெருவில்தான் விலை சொல்கிறான்.

அவர்கள் போன பிறகு வளையல்காரம்மா காசை எண்ணித் தனியாக ஒரு சுருக்குப்பையில் வைத்தார். தண்டல் காசாம். பத்தாயிரம் என்று எழுதி ஒன்பதாயிரம் கையில் கொடுத்து, நாளொன்றுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் வசூலிக்கும் கடன். வடசென்னையில் இதைத் தெரியாத வீடு இல்லை. மொபெட்டில் வருகிறவன் ஆறு மணிக்கு வருவான்.

"மழ பேஞ்சு கடையே போடலன்னா?" என்றாள் சித்தி.

"மழ பேஞ்சாலும் நூறு நூறுதான்க்கா. அவன்கிட்ட தொண்ணூறுன்னு சொல்ல முடியுமா?"

"அதுவும் சரிதான்."

சொல்லிவிட்டு சித்தி பச்சையில் இன்னும் ஒரு டஜனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். காலையில் ஐம்பதுக்குக் கொடுத்ததை இப்போது நாற்பதுக்குக் கேட்டாள், அந்தி நேரம், எடுத்துக் கட்டப் போகிற கடைதானே என்றாள். அந்த அம்மாளும் விடவில்லை. நாற்பத்தைந்துக்கு முடிந்தது. கொசுறு இல்லை.